தப்புச் சத்தமும் ஜாமர் பெட்டியும்

சென்ற மாசி மாதம், ஹட்டனுக்கு அப்பால், இப்போது பயிற்சி மண்டபமாக மாற்றப்பட்டிருக்கும் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், பாதுகாப்புப் பணியாளர்களுக்கான இரண்டு நாள் பயிற்சியொன்றில் வகுப்பெடுக்கப் போயிருந்தேன். ஹோட்டல் காவலர்கள், திருவிழாக்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் கோயில் தொண்டர்கள், சுற்றுலா பங்களாக்களின் வாயிற்காவலர்கள், இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற இருவர் என்று 23 பேர் வந்திருந்தார்கள். தொலைபேசிக் கோபுரங்களில் இருபது வருடம் ஏறி இறங்கியவன் என்பதால், தொலைவிலிருந்து இயக்கப்படும் குண்டுகளையும் அவற்றை எதிர்கொள்ளும் சமிக்ஞைத் தடையையும் பற்றிய பகுதி என் தலையில் விழுந்தது.

முதல் பதினைந்து நிமிடங்களில் எல்லோருடைய முகத்திலும் ஏமாற்றம் தெரிந்தது. மேசையில் ஒரு கறுப்புப் பெட்டியும் அதன் தலையில் ஏழெட்டு அன்டெனாக்களும் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, நான் ஒரு தப்பு மேளத்தையும் இரண்டு குச்சிகளையும் எடுத்து வைத்தது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "டவரை அமுக்குற பெட்டிய காட்ட மாட்டீங்களா சேர்?" என்று முன்வரிசையில் இருந்த ஓர் இளைஞர் கேட்டார். காட்ட முடியாது என்பதே உண்மை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, வானலைகளை வெளியிடும் கருவி எதையும் உரிய அனுமதியில்லாமல் நாம் நினைத்தபடி இயக்கிவிட முடியாது. அதிலும் ஜாமர் என்பது அடுத்தவருடைய அலையைக் கெடுப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி. அது விசேட அதிரடிப்படையினர் கையிலும் இராணுவத்தின் குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினர் கையிலும் இருக்க வேண்டியது. அப்படியென்றால் ஹோட்டல் காவலருக்கும் கோயில் தொண்டருக்கும் இந்தப் பாடம் எதற்கு என்ற கேள்வி உடனே எழுந்தது. அவர்கள் அந்தக் கருவியை இயக்கப் போவதில்லை. ஆனால் அது இயங்கும் இடத்துக்குள் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தாம் என்று பதில் சொன்னேன்.

தப்புக்கு வருகிறேன். வெளியே இறங்கி, கவ்வாத்து வெட்டிய மலையொன்றின் ஓரத்தில், வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளான மிலாறைக் குவித்துத் தீ மூட்டித் தோலைக் காய்ச்சினோம். அடித்தவர் அறுபது வயதைத் தாண்டிய கோயில் தொண்டர். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் கூட்டத்துக்கு, ஆள் கூப்பிட அடித்தவர் என்று பிறகு தெரிந்தது. மேல் ரோட்டில் ஒருவரை நிறுத்தி, கையிலுள்ள தாளில் எழுதியிருந்த எண்களை ஒரே சீரான குரலில் வாசிக்கச் சொன்னேன். நாற்பது காலடி கீழே, தேயிலை நிரைகளுக்கு நடுவே, இன்னொருவர் குறிப்புப் புத்தகத்துடன் நின்று காதில் விழும் எண்களை எழுத வேண்டும். தப்படிப்பவரிடம், குச்சியை விட்டுவிட்டு விரல் நுனியால் மெதுவாகத் தட்டினால் போதும் என்றும், எங்கே நின்றாலும் அதே அளவில் தட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.

முதலில் வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்று தட்டினார். கீழே நின்றவர் எல்லா எண்களையும் எழுதினார். பிறகு அவர் இறங்கி வந்து, எழுதுபவரின் காதோரமாக அதே விரல்களால் அதே மெதுவான தட்டலைத் தட்டினார். குறிப்புப் புத்தகம் காலியாகவே இருந்தது. மேலே நின்றவரோ எதுவும் நடக்காததுபோல் வாசித்துக்கொண்டே இருந்தார்; தன் குரல் போய்ச் சேரவில்லை என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

ஜாமர் செய்வதும் இதைத்தான். அது பேசுகிறவரின் வாயை அடைப்பதில்லை. கேட்கிறவரின் காதை அடைக்கிறது. "டவரை அமுக்குகிறது" என்று நம் ஆட்கள் சொல்வது அதனால் சரியல்ல. டவர் பாட்டுக்கு நின்றபடி அலையை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். குண்டோடு இணைந்த வாங்கிக் கருவியின் காதோரமாக, அது எதிர்பார்த்திருக்கும் மீடிறனிலேயே, அதாவது அதே அலைவரிசையிலேயே, இரைச்சலை நிரப்பி, கட்டளை வந்தாலும் விளங்காமல் செய்வதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அதற்குப் பெரிய வலு தேவைப்படாததன் காரணமும் இதில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு கைத்தொலைபேசிக்குக் கோபுரத்திலிருந்து வந்து சேரும் சமிக்ஞை ஒரு வாட்டின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மெலிந்திருக்கும். அதை வைத்தே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவு மெல்லிய கிசுகிசுப்பை மூழ்கடிக்க விரல் நுனித் தட்டலே போதும்.

பிறகு, மேலே நின்றவரை வாசித்துக்கொண்டே கீழே இறங்கி வரச் சொன்னேன். முப்பது காலடியிலும் இருபது காலடியிலும் ஒன்றும் மாறவில்லை. எட்டு, பத்து காலடித் தூரத்தில் ஓரிரு எண்கள் எழுதப்பட்டன. மூன்று காலடியில் தப்புச் சத்தத்தையும் மீறி எல்லா எண்களும் விளங்கின. தூரம் பாதியானால் சமிக்ஞை நான்கு மடங்காகும் என்று கரும்பலகையில் எழுதியிருந்தால் எத்தனை பேருக்கு நினைவிருந்திருக்கும் என்று தெரியவில்லை. அந்த நிரைகளுக்குள் நின்றவர்களுக்கு அது மறக்காது. ஜாமரின் பாதுகாப்பு வட்டம் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்ததல்ல. எதிரே பேசுகிற சமிக்ஞையின் வலுவைப் பொறுத்து அது விரியும், சுருங்கும். இத்தனை மீற்றர் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது, விற்பவர் தெரிந்தெடுத்த இடத்தில், விற்பவர் தெரிந்தெடுத்த வேளையில் அளந்த எண். அதை நம்பி ஆட்களை நிறுத்துவது, சவர்க்கார விளம்பரத்தை நம்பி மாப்பிள்ளை பார்ப்பதற்குச் சமம் என்று சொன்னேன், சிரித்தார்கள்.

இரைச்சலால் குண்டைத் தடுத்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பின்லாந்தில் நடந்தது. 1941 ஓகஸ்ட் இறுதியில் பின்லாந்துப் படையினர் வீபுரி நகரை மீட்டபோது, பின்வாங்கிய சோவியத் படையினர் அங்கே வானொலிக் கட்டளையால் வெடிக்கும் கண்ணிகளை விட்டுச் சென்றிருந்தார்கள். வெடிக்காமல் கைக்குக் கிடைத்த ஒன்றைப் பிரித்துப் பார்த்த பொறியியலாளர்கள், அது ஒரு குறிப்பிட்ட மீடிறனில், மூன்று சுரங்கள் சேர்ந்த ஒலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த மூன்று சுரமும் கண்ணிகளின் காதில் தெளிவாக விழுந்துவிடக் கூடாது. வானொலி பரப்பும் வாகனமொன்றை நகருக்கு ஓட்டிப் போய், அதே மீடிறனில், வேகமான அக்கார்டியன் நாட்டுப்புற மெட்டு ஒன்றை இடைவிடாமல் ஒலிபரப்பினார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி தொடங்கிய அந்த மெட்டு, கண்ணிகளின் பற்றரிகள் செத்துப்போயிருக்கும் என்று நம்பிக்கை வந்த 1942 பெப்ரவரி 2ஆம் திகதி வரை நிற்கவில்லை. தப்பை மேசையில் வைக்கும் துணிவு எனக்கு அந்தக் கதையிலிருந்துதான் வந்தது.

அந்தக் கதையில் வகுப்பு கவனிக்க வேண்டிய இடம் மெட்டு அல்ல. அந்த ஐந்து மாதங்கள். தடுக்கிறவர்கள் பாட்டை நிறுத்தியிருந்தால், கண்ணிகள் மறுபடியும் காதைத் திறந்திருக்கும். ஜாமர் ஒரு குண்டையும் செயலிழக்கச் செய்வதில்லை. அது நேரத்தை வாங்கித் தருகிறது. அந்த நேரத்துக்குள் ஆட்களை அப்புறப்படுத்துவதும், குண்டு செயலிழக்கச் செய்வோர் தங்கள் வேலையை முடிப்பதும் மனிதர் கையில் இருக்கிறது. எங்கள் தப்படிப்பவர் பத்து நிமிடத்துக்குப் பிறகு விரலை உதறிக்கொண்டு, "கை வலிக்குது, எவ்வளவு நேரம் தட்டணும்?" என்று கேட்டபோது, நான் சொல்லவேண்டியதை அவரே சொல்லிவிட்டார். பெட்டிக்கும் பற்றரி உண்டு, சூடேறும், ஓய்வு கேட்கும்.

ஜாமர் எதைத் தடுக்காது என்பதற்கு நான் வழக்கமாகச் சொல்வது ராவல்பிண்டிக் கதை. 2003 டிசெம்பர் 14ஆம் திகதி, பாகிஸ்தான் ஜனாதிபதி முஷாரப்பின் வாகனத் தொடரணி கடந்துபோன சற்று நேரத்தில் அங்கிருந்த பாலமொன்று வெடித்தது. தொடரணியில் இருந்த ஜாமர் கருவிதான் வெடிப்பைத் தாமதப்படுத்தியது என்று அப்போது சொல்லப்பட்டது. பதினோரு நாட்களுக்குப் பிறகு, டிசெம்பர் 25ஆம் திகதி, வெடிமருந்து ஏற்றிய வாகனங்களில் தற்கொலைக் குண்டுதாரிகள் அதே தொடரணிமேல் பாய்ந்தார்கள். முஷாரப் அன்றும் தப்பினார். வேறு பலர் உயிரிழந்தார்கள். முதல் நாள் காப்பாற்றிய பெட்டிக்கு இரண்டாம் நாள் அங்கே வேலையே இருக்கவில்லை. அலைக்காகக் காத்திராத குண்டுக்கு முன்னால் ஜாமர் வெறும் பெட்டிதான்.

நம் நாட்டிலும் அதையே பார்த்தோம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டவர்கள் தற்கொலைக் குண்டுதாரிகள். 1998 ஜனவரி 25ஆம் திகதி கண்டி தலதா மாளிகை வாயிலில் வெடித்ததும் தற்கொலை லொறிக் குண்டு. ஆனாலும், 2019க்குப் பிறகு சில மாதங்களுக்கு, மலையகத்து ஹோட்டல்களில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்குமேல் "ஒரு ஜாமர் எடுத்துத் தர முடியுமா?" என்பதாகவே இருந்தன. நடந்தது ஒன்று, வாங்க நினைத்த மருந்து வேறொன்று. பயத்தில் இருப்பவரைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் அந்தப் பணத்தில் வாயிலில் இன்னும் இரண்டு பேரை நிறுத்தி, அவர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

தொலைக்கட்டளைக் குண்டு நமக்குப் புதிதும் அல்ல, தூரத்துச் செய்தியும் அல்ல. போர்க்காலத்தில் வீதியோரக் கிளைமோர் கண்ணிவெடி என்ற சொல் பத்திரிகையில் இல்லாத வாரம் குறைவு. அமைச்சர் டி. எம். தசநாயக்க 2008 ஜனவரி 8ஆம் திகதி ஜா-எலயில் அப்படியொரு வீதியோரத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 6ஆம் திகதி மொரட்டுவையில் ஒரு பஸ் தாக்கப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றே கண்டிக்கு அருகே பொல்கொல்லவிலும் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. அந்த நாளில் கண்டிக்கும் ஹட்டனுக்கும் இடையே பஸ் ஏறியவர்கள், இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு உட்காரும் பழக்கத்தை இன்றைக்கும் விடவில்லை. வகுப்பில் இருந்தவர்களில் நான்கு பேர் அதை ஒப்புக்கொண்டார்கள்.

பேராதனையில் பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற இராணுவத்தினர் ஒருவர், பிரித்தானியத் தளபதி மவுண்ட்பேட்டனைப் பற்றி எழுப்பிய பேச்சும் இதில் சேர்ந்தது. 1944இல் பேராதனைப் பூங்காவில் தலைமையகம் வைத்து, ஆசியப் போர்முனையொன்றையே நடத்திய அந்த மனிதர், 1979 ஓகஸ்ட் 27ஆம் திகதி அயர்லாந்தின் முல்லமோர் கரையோரத்தில், தன் படகில் வைக்கப்பட்டிருந்த வானொலிக் குண்டால் இறந்தார். அதே நாளில் வாரன்பொயின்ற் என்ற இடத்தில் 18 பிரித்தானியச் சிப்பாய்களும் அதே வகைக் குண்டுகளால் கொல்லப்பட்டார்கள். அங்கே முதல் வெடிப்புக்குப் பிறகு உதவிக்கு வந்து கூடியவர்களை நோக்கி இரண்டாவது வெடிப்பு நடந்தது. இதைச் சொன்னபோது மண்டபம் அமைதியானது. ஒன்று வெடித்தால் அங்கே ஓடிப்போய்க் கூடுவது நம் ஊர் வழக்கம். அதிலும் தோட்டத்தில் ஒருவருக்கு ஒன்று என்றால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே திரண்டு வரும். அந்த நல்ல குணத்தை ஒரு மணிநேரத்துக்கு அடக்கி வைக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சியில் கடினமான பகுதி. எந்தக் கருவியும் அதற்கு உதவாது.

இனி மலை. பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் உச்சிக் கோபுரத்தைப் பல ஊர்களிலிருந்து கண்ணால் பார்க்கலாம். ஆனால் அதற்கு நேர்கீழே ஒரு மடிப்புக்குள் இருக்கும் லயத்தில், தொலைபேசியைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்கரை வரை நடந்தால்தான் ஒரு கோடு சமிக்ஞை வரும். சமவெளியில் எழுதப்பட்ட பயிற்சிக் கையேடுகளில் வட்டம் வட்டமாகவே வரையப்பட்டிருக்கும். நம் மலைகளில் அந்த வட்டம் கிழிந்த சேலைபோல் இருக்கும். ஒரு முகடு குறுக்கே வந்தால், ஐம்பது மீற்றருக்கு அப்பால் ஜாமரின் சுவடே தெரியாது. திறந்த பள்ளத்தாக்கு எதிரே இருந்தால், தாண்டி இருக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி வரை அதன் இரைச்சல் கசியலாம். தொழிற்சாலையின் தகரச் சுவர் அலையைத் திருப்பி அனுப்பும். கருவியை இயக்க வருகிற அதிகாரிகள் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வருவார்கள். எந்த மூலையில் தொலைபேசி எடுக்கும், எந்த மூலையில் எடுக்காது என்று அவர்களுக்குச் சொல்லக்கூடியவர் அங்கே பத்து வருடம் வாயிலில் நின்ற காவலர்தான். அதனால் முதல் நாள் மாலையில், அவரவர் பணியிடத்தின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து, சமிக்ஞை நன்றாக வரும் இடம், வந்து வந்து போகும் இடம், செத்த இடம் என்று குறிக்கச் சொன்னேன். எந்தப் பொறியியலாளரின் அளவைக் கருவியும் அவ்வளவு விரைவாக அப்படியொரு படத்தைத் தந்திராது.

மூடுபனி சமிக்ஞையைத் தின்றுவிடும் என்று அநேகமாக எல்லோருமே நம்பினார்கள். கைத்தொலைபேசியும் வோக்கி டோக்கியும் பயன்படுத்தும் மீடிறன்களில் மூடுபனியால் ஏற்படும் இழப்பு கணக்கில் எடுக்க வேண்டியதே இல்லை. பனி தின்பது கண்பார்வையை. பனிக்காலத்தில் சமிக்ஞை குறைந்ததாகத் தோன்றினால், குளிரில் பற்றரி சோர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன்.

தூரக் கணக்கிலும் மலை நம்மை ஏமாற்றும். சந்தேகத்துக்கிடமான பொருள் கைப்பை அளவில் இருந்தால் 100 மீற்றர், கார் போன்ற சிறு வாகனமானால் 200 மீற்றர், லொறி போன்ற பெரிய வாகனமானால் 400 மீற்றர் வரை ஆட்களை விலக்க வேண்டும் என்பது பிரித்தானியப் பாதுகாப்பு வழிகாட்டல்களில் உள்ள கணக்கு. அந்தப் பொருளிலிருந்து 15 மீற்றருக்குள் வோக்கி டோக்கியோ கைத்தொலைபேசியோ பயன்படுத்தக் கூடாது என்றும் அவை சொல்கின்றன. நல்ல எண்கள்தாம். ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு குழுவினர், தொழிற்சாலை வாயிலிலிருந்து ரோட்டு வழியே 400 மீற்றர் நடந்து, கோயில் வளைவில் ஆட்களைக் கூட்டி நிறுத்தினார்கள். வளைவில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது, வாயில் அவர்கள் தலைக்கு நேர்மேலே இருந்தது. நேர்க்கோட்டில் எண்பது தொண்ணூறு மீற்றர்தான் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் கால் நடந்த தூரம் தூரமே அல்ல. இன்னொரு குழு சரியான தூரம் போயிற்று. ஆனால் மண்சரிவு அபாயம் என்று பலகை நட்டிருந்த மேட்டுக்கு அடியில் போய் நின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. இருந்தும் குண்டை நினைக்கும்போது மண் நினைவுக்கு வரவில்லை.

மண்சரிவை இங்கே இழுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஜாமர் இயங்கும்போது குண்டின் காது மட்டும் அடைபடுவதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைக் கிராம சேவையாளர் தொலைபேசியில் சொல்ல முயன்றால் அதுவும் வராது. 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸை அழைக்க முடியாது. பொலிஸின் 119 இலக்கத்துக்கும் எடுக்க முடியாது. சில வருடங்களுக்கு முன், ஒரு முக்கிய விருந்தினர் வருகிறார் என்று ஒரு ஹோட்டலில் ஆயத்தம் செய்தார்கள். தொடர்பாடல் ஏற்பாட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். விருந்தினரோடு வந்த வாகனத்தில் கருவி இயங்கும் என்று எனக்குத் தெரியும். வோக்கி டோக்கிகளின் மீடிறன் அதில் அடிபடுமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது என் பொறுப்பு, நான் கேட்கவில்லை. வாகனம் வாயிலுக்குள் நுழைந்த நொடியில் பதினோரு காவலர்களும் ஒருவருக்கொருவர் செவிடானார்கள். பின்வாசலில் நின்றவர், தன்னிடம் இருந்த கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்து, அதை மாற்றுவதற்காக இடத்தை விட்டுக் கிளம்பி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். இருபது நிமிடம் பின்வாசலில் ஆள் இல்லை. அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. யாரும் என்னைக் கேள்வி கேட்கவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் அந்த இருபது நிமிடத்தை நானாகவே சொல்லிவிடுவேன்.

இந்தத் தவறு எனக்கு மட்டும் உரியதல்ல. ஈராக்கில் அமெரிக்க இராணுவம் ஆயிரக்கணக்கில் ஜாமர்களை வாகனங்களில் பொருத்திய காலத்தில், அவை தங்களுடைய சொந்த வானொலிகளையே குழப்பின. கருவி இருந்தது, அதை விளங்கிக்கொண்டு ஆள ஆட்கள் போதவில்லை. கடைசியில் 2006இல், கடலோடு பழகிய கடற்படையின் இலத்திரனியல் போர்முறை அதிகாரிகள் பல நூறு பேரைப் பாலைவனத்துக்கு அனுப்பி, தரைப்படையினருக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். அந்தப் பெரிய இராணுவமே வாத்தியாரைத் தேடி கடலுக்குப் போக வேண்டியிருந்தது என்றால், இரண்டு நாள் வகுப்பில் நாங்கள் எதை முடித்துவிடப் போகிறோம் என்று சில நேரம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

யாரைச் சந்தேகிப்பது என்ற கேள்வியை நான் எழுப்ப நினைக்கவில்லை. அது தானாக எழுந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் ஹட்டனில் ஒரு கடையில் றேடியோ திருத்தப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை, பையில் ஈயம் பற்றவைக்கும் கோலும், ட்ரான்சிஸ்டர் றேடியோவின் பிரித்த சுற்றுப்பலகையும், கொஞ்சம் வயரும் இருந்ததைச் சோதனைச் சாவடியில் கண்டார்கள். பெயர் தமிழ், கையில் வயர். கடை முதலாளி வந்து சொல்லும் வரை, இரவு ஒன்பது மணி தாண்டும் வரை உட்கார வைத்திருந்தார்கள். அந்த நாளில் அதோடு வீடு திரும்பியது அதிர்ஷ்டம் என்று அம்மா இன்றும் சொல்வார். இதை வகுப்பில் சொன்னது அனுதாபத்துக்காக அல்ல. அந்த மூன்று மணிநேரமும் சாவடியில் இருந்த அத்தனை கண்களும் என் பைமேல் இருந்தன. அந்த நேரத்தில் எத்தனை வாகனங்கள் பார்க்கப்படாமல் போயின என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பொருள் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா, பார்வைக்கே ஐயத்துக்குரியதா, அந்த இடத்தில் வழக்கமாக இருக்கக்கூடியதுதானா என்று கேட்க நாங்கள் கற்றுக்கொடுக்கும் மூன்று கேள்விகளில் பெயரும் மொழியும் வருவதில்லை.

சொற்களுக்கும் நேரம் செலவிட்டோம். பயிற்சித் தாள்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தமிழ்ப் பிரதியில் ஜாமருக்கு "நெரிசலாக்கி" என்று யாரோ எழுதியிருந்தார்கள். பூஜை நேரத்தில் கோயில் வாசலில் "நெரிசலாக்கி போடப்படுகிறது" என்று அறிவித்தால் என்ன நடக்கும் என்று ஒரு தொண்டர் கேட்டார். வகுப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. நெருக்கடியில் வாயில் வரும் சொல்லே சொல் என்று முடிவு செய்து, "ஜாமர் போட்டாச்சு", "ஜாமர் எடுத்தாச்சு" என்ற இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டோம். முதல் சொல்லைக் கேட்டவுடன் யாரும் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. வோக்கி டோக்கி வேலை செய்யாவிட்டால் அது பழுது அல்ல என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது சொல் வந்த பிறகே அடுத்த வேலை.

இரண்டாம் நாள் பிற்பகல் கடைசிப் பயிற்சி. கொழுந்து வாட்டும் மாடியின் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பயணப்பையை வைத்தேன். குழுத் தலைவியாக இருந்தவர் ஒரு ஹோட்டலின் வாயிற்காவலர். பெண்களைச் சோதிக்கும் பணிக்கு எடுக்கப்பட்டு இப்போது முழு வாயிலையும் பார்ப்பவர். பையைத் தொடாமல், யாருடையது என்று விசாரித்து, பதினைந்து மீற்றருக்கு அப்பால் போன பிறகே வோக்கி டோக்கியை எடுத்து, கோயில் வளைவை விட்டு மறுபக்க முகட்டுக்குப் பின்னால் ஆட்களை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். நான் அதிரடிப்படை அதிகாரியாக நடித்துக்கொண்டு வந்து, "இன்னும் ஐந்து நிமிடத்தில் ஜாமர் போடப் போகிறோம்" என்றேன். உடனே தன் ஆட்களுக்கு வோக்கி டோக்கியில் அறிவித்தார். அதுவும் சரி. "எடுத்த பிறகு எப்படி அறிவிப்பீர்கள்?" என்று கேட்டேன். "அப்பவும் இதிலயே சொல்லலாம்தானே சேர், எடுத்த பிறகு வேலை செய்யுமே" என்றார். "எடுப்பதற்கு முன், முகட்டுக்குப் பின்னால் நிற்பவர்களை இன்னும் தள்ளி நிறுத்த வேண்டி வந்தால்?" என்றேன்.

அதற்குப் பதில் அவரிடம் இருக்கவில்லை. உண்மையில் என் தாளிலும் ஓட்டக்காரர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. அந்த ஏற்றத்தில் ஓட்டக்காரர் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் பத்து நிமிடமாகும். அப்போது தப்படித்த தொண்டர் பின்னாலிருந்து, "தப்பு அடிச்சா கேக்கும்ல?" என்றார். பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி என்று அவருடைய தகப்பனார் காலத்தில் மலை முழுவதும் அடியைக் கேட்டே விளங்கிக்கொண்டது. பின்னால் போ என்பதற்கு ஓர் அடியும், அப்படியே நில் என்பதற்கு ஓர் அடியும் வைத்தால் போதாதா என்று கேட்டார். எந்த ஜாமரும் அதைத் தொடாது.

முகட்டுக்கு இந்தப்புறம், பையிலிருந்து அளந்து விலகி நின்று அடித்துப் பார்த்தோம். மறுபுறம் நின்றவர்கள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். குழுத் தலைவி அதைத் தன் திட்டத்தாளில் எழுதிக்கொண்டு, மழையில் தோல் தளர்ந்துவிடுமே, அந்த நேரத்தில் யார் தீ மூட்டிக் காய்ச்சுவது என்று கேட்டார். அதனால் தப்பு என்று எழுதியதற்குப் பக்கத்தில் விசில் என்றும் எழுதி, இரண்டு விசில்களின் விலையை முகாமையாளரிடம் கேட்க வேண்டிய பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.